அரை உரைகள்

கலைக்கல்லூரியில் படித்த 5 ஆண்டுகளில், வெளியிலிருந்து வந்த கலைஞர்களின் உரைகள் 22 கேட்டிருக்கிறேன். அவற்றில் 19 அரை உரைகள்.

மாலை 6 மணிக்கு உரை தொடங்கும். பெண்கள் விடுதியின் கதவு 7 மணிக்கு மூடும். கூடத்திலிருந்து விடுதிக்கு 15 நிமிட நடை. பேச்சாளர் வந்து, துறைத்தலைவர் வரவேற்று, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி முடிய 25 நிமிடம். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அந்தக் குத்துவிளக்குக்குத் திரி போட்டு எண்ணெய் ஊற்றி, தாம்பாளத்தில் பூவும் சந்தனமும் எடுத்து நின்றதும் நாங்கள்தான். சடங்குக்கு முழுதாக இருந்தோம், பேச்சுக்குப் பாதியாக இருந்தோம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, கோடு போடாத தாள். ஒவ்வொரு உரைக்கும் பெயர், தேதி, பார்த்த சிலைடுகளின் சின்னச் சின்னக் கோட்டுப்படங்கள். எல்லாப் பக்கமும் நடுவாக்கியத்தில் நின்றுவிடுகிறது. ஒன்றில் ‘இந்த இடத்தில்தான் நான் வண்ணம் தீட்டுவதையே விட்டுவிட’ என்று இருக்கிறது. விட்டுவிட்டாரா, விட்டுவிட நினைத்தாரா, விட்டுவிடச் சொன்னார்களா, தெரியாது. அதற்குள் பின்வரிசையில் வளையல் சத்தம் கேட்டிருக்கும். பெண்கள் எழுந்துவிட்டார்கள் என்று பொருள். பேச்சாளர்கள் சிலர் ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பார்கள். பேச்சு பிடிக்காமல் போகிறார்கள் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். நாற்பது பெண்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகியிருந்தோம்.

ஒரு கலைஞர் தன்னைப் பற்றிப் பேசும் உரைக்கு ஏறக்குறைய ஒரே அமைப்புதான். முதலில் பிறந்த ஊர், படிப்பு, ஆசிரியர், பழைய ஓவியங்கள். பிறகுதான் வேலை மாறிய இடம், கைவிட்டவை, இப்போது செய்துகொண்டிருப்பவை. கடைசியில் கேள்விகள். பணம் எங்கிருந்து வந்தது, விற்காத வேலையை எங்கே வைத்தார்கள், யார் உதவினார்கள் என்பதெல்லாம் கேள்வி நேரத்தில்தான் வெளிவரும். எங்களுக்குக் கிடைத்தது முதல் பகுதி மட்டும். அதனால் எங்கள் நினைவில் எல்லாக் கலைஞர்களும் மாணவர்களாகவே நின்றுபோனார்கள். அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பது ஆண் மாணவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி நேரத்தோடும் அது முடிவதில்லை. எட்டு, எட்டரைக்குப் பேச்சாளரை அழைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போவார்கள். அங்கிருந்து பரோட்டாக் கடைக்கு. கூடத்தில் பேசியதைவிட அங்கே பேசியதுதான் அதிகம் என்று மறுநாள் வகுப்பில் பெருமையாகச் சொல்வார்கள். அப்படி ஓர் இரவில், வெளியூரிலிருந்து வந்த சிற்பி ஒருவர் தன் பட்டறைக்கு மூன்று மாதம் ஒரு கை தேவைப்படுகிறது, மெழுகும் வார்ப்பும் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வகுப்பில் வார்ப்பு நன்றாக வந்தது என் அறைத்தோழிக்குத்தான். அச்சுக்குக் களிமண் குழைக்கும்போதே அவள் கைப்பதம் எல்லோருக்கும் தெரியும். உலோகம் ஊற்றும் நாளில் பையன்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தச் சிற்பி கேட்டபோது டீக்கடை பெஞ்சில் இருந்தவன் வேறொருவன். அவன் போனான். கெட்டவன் இல்லை, வந்ததும் அங்கே கற்றதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். இன்று அவன் பெயரோடு கண்காட்சிகள் நடக்கின்றன. அவள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பகுதிநேரம். ‘நான் அன்னிக்கு மெஸ்ல ரசஞ்சோறு தின்னுட்டு இருந்தேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. விடுதி மேற்பார்வையாளருக்குப் பெண்களின் பாதுகாப்பு முக்கியம். துறைக்கு விருந்தினரின் வசதி முக்கியம். பெற்றோருக்கு மகள் 7 மணிக்கு உள்ளே இருப்பது முக்கியம். எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். அந்த நல்லதுகள் எல்லாம் சந்திக்கும் இடத்தில் ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான்.

மூடிய கதவுக்கு உள்ளே எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. நூலகப் புத்தகங்களை அப்போதுதான் படித்தேன். லண்டனில் ராயல் அகாதமி 1768இல் தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அதன் முதல் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1769 முதல் 1790 வரை மாணவர்களுக்கு ஆற்றிய 15 உரைகள் புத்தகமாகி, கலைப்பள்ளி உரை என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. அதே காலத்தில் யோஹான் சோஃபனி அகாதமி உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஒரே ஓவியத்தில் வரைந்தார். ஆண்கள் கூடிநின்று பேசுகிறார்கள். ஆடையற்ற மாதிரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் ஆடை களைகிறார். ஆடையற்ற ஆண் உடல் இருக்கும் அறையில் பெண்கள் இருக்கக்கூடாதே! என்ன செய்வது? காஃப்மனையும் மோசரையும் சுவரில் தொங்கும் இரண்டு உருவப்படங்களாக வரைந்துவிட்டார் சோஃபனி. அவர்களும் அறையில் இருக்கிறார்கள், சட்டகத்துக்குள்.

அந்த ஓவியத்தின் அச்சுப்படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது வேறு, அறையில் நாற்காலி போடுவது வேறு. 1860இல் லாரா ஹெர்ஃபோர்ட் என்ற பெண் தன் ஓவியங்களில் ‘எல். ஹெர்ஃபோர்ட்’ என்று மட்டும் கையெழுத்திட்டு அனுப்பி, ஆண் என்று நினைத்து அவர்கள் இடம் கொடுத்த பிறகுதான், அந்தப் பள்ளிக்குள் முதல் மாணவியாகப் போனார். போன பிறகும் ஆடையற்ற மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்பு மாணவிகளுக்குக் கிடையாது. 1893இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் இடுப்பில் துணி சுற்றிய ஆணை. காஃப்மனுக்கும் மோசருக்கும் பிறகு இன்னொரு பெண், லாரா நைட், முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1936இல். பெண்களில் ஏன் மாபெரும் கலைஞர்கள் இல்லை என்ற கேள்வியை 1971இல் லிண்டா நாக்லின் எடுத்துக்கொண்டபோது, மேதைமையைத் தேடிப் போகாமல், யாருக்கு எந்த வகுப்பறை திறந்திருந்தது என்று தேடிப் போனார். அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதி எங்கள் விடுதியில் கைமாறிக்கொண்டே இருந்தது. அதன் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘கதவு எத்தனை மணிக்கு?’ என்று எழுதியிருந்தார்கள்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. பொன்னானிக்காரரான டி. கே. பத்மினி மெட்ராஸ் ஓவியக்கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் படித்தவர். 1940இல் பிறந்து, 1969இல் 30 வயதைத் தொடும் முன்பே பிரசவத்தில் இறந்துபோனார். உயிரோடு இருந்திருந்தால் நான் படித்த ஆண்டுகளில் அவருக்கு அறுபதை ஒட்டிய வயது இருந்திருக்கும். மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிற வயது. அவருடைய கரும்பச்சை நிலவெளிகளையும் உருண்டு திரண்ட பெண்ணுடல்களையும் பற்றி அவரே பேசி யாரும் கேட்டிருக்க முடியும். என் 22 பேச்சாளர்களில் பெண்கள் 5 பேர். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், ‘அந்த வயசுல லேடி ஆர்ட்டிஸ்ட் யாரும் இல்லையேம்மா’ என்பார் ஆசிரியர் ஒருவர். பத்மினியை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு மனு எழுதினோம். உரைகளைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்ற வேண்டும் என்பதே கோரிக்கை. விடுதி நேரத்தை நீட்டிக்கக் கேட்கலாம் என்றவர்களும் எங்களில் இருந்தார்கள். அது நியாயமான கோரிக்கை. ஆனால் அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் காகிதம் போனால் படிப்பே நின்றுவிடும். துறையிலிருந்து பதில் வந்தது: சிலைடு காட்ட இருட்டு வேண்டும், கூடத்தில் ஆள் உயரத்துக்கு எட்டு ஜன்னல்கள், பகலில் படமே தெரியாது.

இந்தப் பதிலில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. பாதுகாப்பு என்று சொன்னால் அதனோடு மோத முடியாது. பண்பாடு என்றாலும் முடியாது. இருட்டு என்றால் முடியும். கறுப்புத் துணி வாங்கினோம். ஆளுக்கு 30 ரூபாய். விடுதியில் தையல் தெரியாத பெண்ணே இல்லை. துணியை இரட்டையாக மடித்து, ஓரம் அடித்து, மேலே கயிறு கோக்க நாடா வைத்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுத் திரை தைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவற்றை மாட்டிவிட்டுத் துறைத்தலைவரை அழைத்தோம். உள்ளே வந்தவர் விளக்கை அணைக்கச் சொன்னார். தன் கையை முகத்துக்கு எதிரே ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அடுத்த உரைக்கான அறிவிப்பில் 3 மணி என்று இருந்தது.

அப்படி நடந்தவை மூன்று. என் முழு உரைகள்.

முதலாவதாக வந்தவர் ஒரு பெண். தன் வேலையைவிடத் தன்னைப் பாதித்த மற்றவர்களின் வேலைகளைத்தான் அதிகம் காட்டினார். ஷீலா கௌடா 1998இல் செய்த, ‘அவனிடம் என் வலியைச் சொல்’ என்ற பொருள்படும் தலைப்புடைய படைப்பு திரையில் வந்தது. ஊசிக் காதுகளில் கோத்த நூல்கள் ஒன்றாகச் சேர்ந்து, குங்குமமும் பசையும் பூசப்பட்டு, தடித்த சிவப்புக் கயிறாகிச் சுவரில் ஏறித் தரையில் இழைகின்றன. கயிற்றின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. குடலா, தொப்புள்கொடியா, தாலிச்சரடா, எது என்று நினைத்தாலும் அதுதான். எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் வீட்டில் தறி உண்டு. அம்மா தார் சுற்றுவார். விடிகாலையில் ராட்டைச் சத்தத்தில்தான் நாங்கள் எழுவோம். ஒரு சேலைக்கு எத்தனை தார் என்பது அவர் விரலுக்குத் தெரியும். கூலி அப்பா பெயரில் வரும். நெசவாளர் அட்டையும் அப்பா பெயரில்தான். அம்மா செய்தது வேலை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவ்வளவு நூலையும் ஒரு பெண் கையாலேயே கோத்து இழுத்து முறுக்கியிருக்கிறாள், அந்த நேரம் முழுவதும் அந்தக் கயிற்றுக்குள் இருக்கிறது என்று பேச்சாளர் சொன்னபோது, கலைக்கல்லூரியில் முதல்முறையாக என் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உணர்ந்தேன். விடுமுறைக்குப் போனபோது அம்மாவிடம் இதை விவரித்தேன். கேட்டுவிட்டு, ‘நடுவுல அறுந்தா முடிச்சுப் போட்டுக்குவாங்களா, இல்ல அந்த நூலையே எடுத்துப் போட்டுருவாங்களா?’ என்றார். எந்த விமர்சகரும் கேட்டு நான் படிக்காத கேள்வி.

இரண்டாவது உரையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அதில் மியர்ல் லேடர்மன் யுகெலெஸ் பற்றிய பகுதி ஒன்று வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்தவர். குழந்தை பிறந்த பிறகு துடைப்பது, கழுவுவது, ஊட்டுவது என்று நாள் கழிவதைப் பார்த்து, இந்தப் பராமரிப்பையே என் கலையாக அறிவிக்கிறேன் என்று 1969இல் ஓர் அறிக்கை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்ட் நகர அருங்காட்சியகத்தின் வாசற்படிகளை மண்டியிட்டுக் கழுவினார். பிறகு நியூயார்க் நகரத் துப்புரவுத் துறைக்குப் போய், 1979, 1980 ஆண்டுகளில் 8,500க்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

கூடத்தைக் கூட்டும் அக்கா கதவருகே துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதும் உரைகள் இரவில் என்பதால் மறுநாள் காலையில்தான் கூட்டுவார். இப்போது நேரம் மாறிவிட்டதால் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கட்டைக் கழுவும் கறுப்புவெள்ளைப் படம் வந்ததும் ஓரடி உள்ளே வந்தார். கேள்வி நேரத்தில், முன்வரிசைப் பையன் ஒருவன் கேள்வி போலத் தொடங்கி மூன்று நிமிடம் தன் கருத்தைச் சொல்லி முடித்த பிறகு, அவர் அங்கிருந்தே கேட்டார்: ‘படி கழுவுறாங்களே அந்தம்மா, அதுக்குச் சம்பளம் உண்டுங்களா?’

கூடம் சிரித்தது. பேச்சாளருக்குத் தமிழ் தெரியாது. என் பக்கத்தில் இருந்தவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பேச்சாளர் சிரிக்கவில்லை. துப்புரவுத் துறையில் யுகெலெஸ் 1977 முதல் வகிக்கும் உறைவிடக் கலைஞர் பதவிக்குச் சம்பளம் கிடையாது என்றார். அதையும் தமிழில் சொன்னோம். அக்கா தலையாட்டிக்கொண்டார். ‘அப்ப அவங்களுக்கு வேற யாரோ சோறு போடுறாங்க’ என்றார். இதை மொழிபெயர்த்ததும் பேச்சாளர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

யுகெலெஸை இது சின்னதாக்கிவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வேலையையும் ஊர் வேலையையும் ஒரே சொல்லில் சேர்த்துப் பார்த்தவர் அவர். எனக்கு இன்றும் முக்கியமானவர். ஆனால் அந்தக் கைகுலுக்கலை நம் தெருவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே குப்பை அள்ளும் கை இன்ன சாதியின் கை என்று பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. அதைத் தொடுவது நன்றி சொல்வதோடு முடிகிற காரியம் இல்லை. மலக்குழிக்குள் இறங்குபவருக்கு நன்றியைவிட, இறங்காமல் இருக்கும் வேலை தேவை. இதையெல்லாம் அன்று கூடத்தில் யாரும் பேசவில்லை. அக்கா மட்டும்தான் கிட்டத்தில் வந்தார். அடுத்த வாரம் மூத்த மாணவர்கள் இருவர் யுகெலெஸுக்கு மரியாதையாகத் துறை வாசலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். படம் எடுத்தார்கள். தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது உரை ஓர் ஆணுடையது. ஒன்றரை மணி நேரம். சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிவரை உட்கார்ந்து அலுத்துப்போகும் வாய்ப்பு எங்களுக்கும் கிடைத்தது. அதுவரை அரைகுறையாகக் கேட்டவர்களை எல்லாம் நாங்கள் மேதைகளாகவே கற்பனை செய்து வைத்திருந்தோம்!

அதன் பிறகு துறைத்தலைவர் மாறினார். உரைகள் மாலை 6 மணிக்குத் திரும்பின. திரைகளை யாரோ கழற்றிக் கண்காட்சி மேடைக்கு விரித்திருந்தார்கள். எங்களுக்கு இறுதியாண்டு. மறுபடி மனு எழுத ஆளில்லை. 2015இல் டில்லியில் மாணவிகள் ‘பிஞ்சரா தோட்’, அதாவது கூண்டை உடை, என்று விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கறுப்புத் துணிதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் கதவையே கேட்டார்கள். நாங்கள் ஜன்னலைச் சரிசெய்தோம். இரண்டுக்கும் நடுவில் 15 ஆண்டுகளுக்கு மேல்.

உரை என்பது ஒரு கலைப்படைப்பாகவும் இருக்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1989இல் ஆண்ட்ரியா ஃப்ரேசர் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் ஜேன் காசில்டன் என்ற வழிகாட்டியாக வேடமிட்டு, ஓவியங்களுக்குச் சொல்லும் அதே புகழ்மொழியில் தண்ணீர் குடிக்கும் குழாயையும் புகழ்ந்து பார்வையாளர்களை அழைத்துச் சென்றார். எனக்கு அதில் பிடித்தது கிண்டல் மட்டும் இல்லை. பேசுகிறவருக்கு நிற்பதற்கு ஓர் இடம், ஒரு குரல், ஒரு வகுப்பு இருக்கிறது என்பதைக் கேட்பவர் மறக்க முடியாமல் செய்துவிடுகிறார். மேடையில் பொன்னாடை போர்த்தியவர் பேசும்போது அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு, மூன்று கல்லூரிகள் என்னைப் பேச அழைக்கின்றன. அழைப்பு வந்ததும் முதலில் கேட்பது: பெண்கள் விடுதி எத்தனை மணிக்கு மூடுகிறது? உங்கள் இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றால், உள்ளூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவிகளுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒருமுறை தொலைபேசியில் இருந்த ஆசிரியர், ‘மேடம், நீங்க எங்க தங்குவீங்கன்னு கேக்குறீங்களா?’ என்றார். இல்லை சார் என்று மறுபடி விளக்கினேன். பிற்பகல் 2 மணிக்கு வைத்தார்கள். இப்போது இருட்டுக்குத் துணியும் தேவையில்லை, படம் பகலிலேயே தெரிகிறது. பொன்னாடை வேண்டாம், அதற்கான காசை யாருக்காவது பயணப்படியாகக் கொடுங்கள் என்பேன். பேச்சைக் கேள்வியிலிருந்து தொடங்குவேன். முதல் மூன்று கேள்விகள் முன்வரிசைக்குக் கிடையாது. தமிழில்தான் பேசுவேன். புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும், நாங்கள் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம்.

கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியவை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மாணவிகள் கேட்பதில்லை. போன தையில் ஓர் ஊரில், ஷீலா கௌடாவின் 2009ஆம் ஆண்டுப் படைப்பைக் காட்டினேன். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள முடிக்கயிறு, கார் பம்பர்களைத் தாங்கிக்கொண்டு தொங்குகிறது. வண்டிக்குத் திருஷ்டிக்காகக் கட்டுகிற அதே கயிறு. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, அவள் அத்தை முடி பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்வதாகச் சொன்னாள். நீளம் நீளமாகப் பிரித்துக் கட்டுவார்களாம். நீளமானது சவுரிக்குப் போகும், குட்டையானது எங்கே போகிறதென்று அத்தைக்கே தெரியாதாம். ‘அதுதான் இதுவா மேடம்?’ என்றாள். இருக்கலாம் என்றேன். முடிக்குள் தூசி அடைந்து அத்தைக்கு இருமல் என்றும், ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி என்றும் சொன்னாள். அவளை முன்னால் வரச் சொல்லி, மைக்கைக் கொடுத்தேன். கால் மணி நேரம் பேசினாள். மூன்றரைக்கு முடிந்தது. அவளுடைய பஸ் ஐந்தேகாலுக்குத்தான். அதுவரை கல்லூரி வாசல் டீக்கடை பெஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அத்தை எந்தப் பக்கக் கையால் பிரிப்பார், எப்படி முடிச்சுப் போடுவார் என்று அவள் என் பையின் நாடாவில் செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.